ஐகான் மாமா

டோம்பிவிலி கிழக்கில் எந்த சொசைட்டிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், ஓர் ஐகான் மாமா இருப்பார். ஃபோர்ட் பக்கம் ஏதோ ஆபீஸில் முப்பது வருஷ உத்தியோகம். ஃபாஸ்ட் லோக்கலில் நாலாவது சீட்டில் பாதி உடம்பை ஒட்டவைத்து, மீதியை அந்தரத்தில் விட்டபடியே சி.எஸ்.டி. போய்வந்து ரிடையர் ஆனவர். வீட்டில் பீரோவை ஒரு ஜாண் நகர்த்தினால் பாத்ரூம் கதவு திறக்காது. எனவே மாமா நகர்த்துவதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான்.

கம்ப்யூட்டரில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுவிடாதீர்கள். வேலை செய்வதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருக்கிறார்.

வியாதி பழையது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் 'ஹாட் டாக் ஸ்டாண்ட்' என்றொரு நிறச்சேர்க்கை உண்டு. ரத்தச் சிவப்பும் பளீர் மஞ்சளும். பார்த்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் மங்களகரமாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டார். பிறகு எக்ஸ்பி வந்தது. 1996இல் சார்லஸ் ஓரியர் கலிஃபோர்னியாவில் எடுத்த அந்தப் பச்சைக் குன்றை ஊரே அப்படியே விட்டுவைத்தது. மாமா அங்கே குருவாயூரப்பனை எழுந்தருளச் செய்தார். "பகவான் மூஞ்சியில எக்செல் உக்காரலாமோ?" என்று ஐகான்களையெல்லாம் இரண்டு ஓரமும் தர்ம தரிசன வரிசைபோல் நிறுத்தினார். ரீசைக்கிள் பின் ஈசானிய மூலையில் இருக்கக் கூடாதாம்; வாஸ்து.

மவுஸ் அம்பு இப்போது வேல். காத்திருக்கச் சொல்லும் வட்டம், சுதர்சன சக்கரம். மெஷின் எவ்வளவு மந்தமானாலும் மாமாவுக்குப் புகார் கிடையாது. அத்தனை நேரமும் தரிசனம்.

2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனைத் தூக்கியபோது, வீட்டுச் சாவி தொலைந்தவர் மாதிரி அலைந்தார். 2013இல் 8.1 அதைத் திருப்பித் தந்தது. 2021இல் விண்டோஸ் 11 வந்தது. டாஸ்க்பாரைத் தலைமாட்டில் வைத்தே பழகியவரிடம், அது கீழேதான் இருக்கும் என்றது. மாமா அசையவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மாமாவின் ஆதரவு தொடர்கிறது.

"ஏன்னா, லைட் பில் கட்டியாச்சா?" சமையலறையிலிருந்து மாமி.

"இதோ, ஒரு நிமிஷம்."

பில் ஃபோல்டருக்கு ஷெல்32 கோப்பிலிருந்து மரப் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். பணம் மரத்தில் காய்க்கவில்லை என்று ஞாபகமிருக்க வேண்டுமாம். பழைய போட்டோக்களுக்கும் மரம்தான், அது வம்ச விருட்சம். எந்த மரம் எது என்று மாமா தேடி முடிப்பதற்குள் மாமி மொபைலில் கட்டிவிட்டு ரசத்தையும் இறக்கிவிடுவாள்.

போன லீவில் செம்பூரிலிருந்து வந்த பேரன், வெறும் திரையில் ரைட் கிளிக் செய்து 'ஆட்டோ அரேஞ்ச்' என்பதை டிக் செய்துவிட்டான். அத்தனை ஐகானும் ஒரே பாய்ச்சலில் இடதுபக்கம் போய் வரிசைகட்டிவிட்டன. குழந்தையை மாமா திட்டவில்லை. ராத்திரி சாப்பிடவுமில்லை.

நீங்கள் போனால் நல்ல ஃபில்டர் காபி கிடைக்கும். வால்பேப்பரை வாயாரப் புகழுங்கள், மவுஸைத் தொடாதீர்கள். பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கே போய்விடுங்கள்.