கட்டிலுக்கடியில் ஒரு காவியம்

ஏலே மருமகனே, உன் நாவல முந்நூறு பிரதி அச்சடிச்சு புனே பக்கத்து ஆகுர்டி வரைக்கும் லாரியில கொண்டுவந்து இறக்கிட்டே. நல்ல காரியம். கட்டிலோட ஆட்டம் நின்னுபோச்சுன்னு உங்க அத்தைக்குக்கூட சந்தோஷம். இலக்கியம் இப்படித்தான் வீட்டுக்கு உபயோகமா இருக்கணும்.

யாருக்கு எழுதுனேன்னு கேட்டா, எல்லாருக்கும்னு சொல்லுதே. எல்லாருக்கும் பொதுவா எழுதுறவன் கரண்டு ஆபீஸ்காரன் ஒருத்தன்தாம்லே. அவன் பில்லையும் எவனும் ஆசையாப் படிக்கிறதில்ல.

பிராண்டு பிராண்டுன்னு ராத்திரியெல்லாம் லேப்டாப்புல என்னத்தத் தேடுதே? ஜன்னலத் திற. 1972-ல பஜாஜ்காரன் சேத்தக் ஸ்கூட்டரை விட்டது இந்த ஆகுர்டி ஆலையிலதான். ராணா பிரதாப்போட குதிரை பேரு அது. பணத்தக் கட்டிட்டு சனங்க வருஷக்கணக்காக் காத்துக்கெடந்தாக. கல்யாணத்துக்குன்னு பதிஞ்ச வண்டி, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுத நேரத்துக்குத்தான் வந்து சேரும். அதப் பாத்துட்டு நீயும் "விரைவில், விரைவில்"னு மாசக்கணக்காப் போஸ்டர் போட்டே. அது லைசென்ஸ் காலம், வேற வண்டி லேசுல கிடைக்காது. உன் காலத்துல புஸ்தகம் போடாதவனைத்தான் டார்ச் அடிச்சுத் தேடணும்.

ஆனா ஒண்ணு பாத்துக்கோ. இடையில வருஷக்கணக்கா அந்த ஸ்கூட்டரே வரல. 2019-ல பேட்டரி வண்டியக் காட்டுனப்பவும் பழைய பேரத்தான் எடுத்து மாட்டுனான். உனக்கு முகநூல்ல ஒரு புனைபேரு, கிண்டில்ல இன்னொண்ணு, அட்டையில இனிஷியலோட மூணாவது. உன்னைத் தேடி வாரவன் மூணு பேரையும் சேத்தா விசாரிப்பான்?

பேருன்னா எப்படி நிக்கணும்னு பக்கத்துல தேஹுவுல போய்க் கேளு. துக்காராம் மகராஜ் மளிகை யாவாரம் பண்ணி, பஞ்சத்துல நொடிச்சுப்போனவரு. கடைய நிறுத்தத் தெரியல, பேர நிறுத்தத் தெரிஞ்சுது. பாட்டு முடியுத இடத்துல "துகா ம்ஹணே", துகா சொல்லுதான்னு ஒரு முத்திரை. முந்நூத்தம்பது வருஷம் தாண்டியும் அதை எவனாலயும் கழட்ட முடியல. ஏடெல்லாம் இந்திராயணி ஆத்துல போட வச்சாக, 13 நாள் கழிச்சு நனையாம மிதந்து வந்துதுன்னு கதை. ஆத்துல மிதந்துச்சோ என்னமோ, சனங்க வாயில மிதந்துது, அது போதும். ஆனி வாக்குல பண்டரிபுரம் போற அவரு பல்லக்கு, தேஹுவ விட்டதும் நம்ம ஆகுர்டி விட்டல் கோயில்லதான் வந்து தங்குது. கூட வாரவுக கையில ஏடு இல்ல, வாயில இருக்கு. நீ இதக் கேட்டுட்டு உன் பொஸ்தகத்த ஆத்துல தூக்கிப் போட்டுறாத. முனிசிபாலிட்டிக்காரன் அபராதம் போட்டுருவான்.

உன் நாவல்ல ஒரு வரி, ஒரே வரி, யாரு வாயிலயாவது நிக்குதா? நிக்குதுன்னா அதைப் பின்னட்டையில போடு. நீ போட்டிருக்கது உன் டிகிரியும், பொன்னாடை போத்துன போட்டோவும்.

உ.வே. சாமிநாதையரு 1887-ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டுவந்தாரே, புஸ்தகம் வரதுக்கு முன்னாலயே வாங்கிக்கிடுதோம்னு பலபேருட்ட கையொப்பம் வாங்கிட்டாரு. நீங்க அதுக்கு ப்ரீ ஆர்டர்னு தொப்பி மாட்டியிருக்கீக. முதல்லயே கேட்டிருந்தா உனக்கு எத்தனை பேருன்னு தெரிஞ்சிருக்கும். கேக்குறவுகளுக்கு மட்டும் அச்சடிச்சுக் குடுக்க இப்ப வசதி இருக்கு. கட்டில் ஆடிட்டுப் போகுது, விடு.

எங்க பக்கத்து எட்டயபுரத்துக்காரரு, பாரதியாரு, 1920-ல போட்ட கணக்கு தெரியுமா? எழுத்தையெல்லாம் 40 புஸ்தகம் ஆக்கணும், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, ஆக 4 லட்சம். மண்ணெண்ணெய், தீப்பெட்டி கணக்கா வித்துப்போகும்னு சொல்லிக் கடன் கேட்டு எழுதுனாரு. மறுவருஷம் ஆளே போய்ச் சேந்துட்டாரு. மகாகவி கணக்கே அப்படின்னா, உன் எக்செல் ஷீட்டைக் கொஞ்சம் மூடிவை. அதுக்கு முன்ன, 1907-லயே, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரு அவரு பாட்ட 15,000 பிரதி அடிச்சு சும்மா குடுத்தாரு. இத்தனைக்கும் அரசியல்ல ரெண்டுபேரும் எதிரும் புதிரும். குடுத்தது சின்னப் பிரசுரம், முழுப் பொஸ்தகம் இல்ல. நீ எதிர்ல வாரவனுக்கெல்லாம் முழு நாவலையும் கையெழுத்துப் போட்டு நீட்டுதே. முதல் அத்தியாயத்த மட்டும் குடு. பிடிச்சா தேடி வரட்டும்.

ஐ.எஸ்.பி.என். நம்பருக்கு ஒருத்தன் உங்கிட்ட காசு புடுங்கினான்னியே, அது தர்மத்துக்குக் கிடைக்கிற நம்பருலே. ராஜா ராம்மோகன் ராய் பேருல அதுக்குன்னே கவர்மெண்டு அமைப்பு இருக்கு. படிச்ச பிள்ள, கேட்டிருக்கலாம்.

அப்புறம் வாசகருங்க ஆன்லைன்ல போட்ட அந்த நட்சத்திரம். அஞ்சு நட்சத்திரம் போட்டவுகள்ல பாதிப்பேருக்கு நம்ம குலதெய்வம்தான். ரெண்டு நட்சத்திரம் போட்டு, பதினெட்டாவது அத்தியாயம் ஜவ்வுன்னு திட்டிருக்கானே ஒருத்தன், அவன் ஒருத்தன்தான் பதினெட்டு வரைக்கும் படிச்சிருக்கான். அவனப் புடி.

நீ எழுதுனது லேத்துப் பட்டறைக் கதை. தெக்கேருந்து ரயிலேறி வந்து பிம்பிரி சிஞ்ச்வடுல மிஷின் முன்னால நின்னே நரைச்சவுக எத்தனைபேரு, சாயங்காலம் பார்க் பெஞ்சுல சும்மா உக்காந்திருக்காக. அவுகள விட்டுட்டு சென்னையில இருக்க விமர்சகருக்குக் கூரியர் அனுப்புதே.

எனக்கும் ஒண்ணு எடு. ஓசி வேண்டாம், இந்தா காசு. கையெழுத்து மட்டும் போட்டுறாத மருமகனே, பழைய பொஸ்தகக் கடைக்காரன் விலையக் கொறச்சுக் கேப்பான்.