பேராண்டிக்கு ஒரு இங்கிலீஷ் வைத்தியம்

வாங்க துரை, உட்காருங்க. ராத்திரி பூரா திண்ணையில "ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட், ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட்"னு உருப்போட்டியே பேராண்டி, உங்க ஆச்சி பயந்துபோயி துன்னூறு பூசலாமான்னு கேட்டா. காது மூக்கு தொண்டை டாக்டரைத்தான் பய அப்படிக் கூப்பிடுறான்னு சொல்லிப் படுக்க வச்சேன். அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தொண்டைவலி தானா ஆறிரும். அந்த மட்டுக்கும் லாபம்தான்.

1949-லயே நார்மன் லூயிஸ் எழுதிவச்ச ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’யை நீ படிக்க வேண்டாங்கல. ஆனா அந்த மனுசன் வேரைப் புடிடாங்கிறாரு, நீ உக்காந்து எலையை எண்ணிக்கிட்டிருக்க. மருத்துவச் சொல்லுக்கு வாலைப் பாரு. ‘ஐட்டிஸ்’னு முடிஞ்சா அழற்சி, வீங்கிச் செவந்திருக்கு. ‘எக்டமி’னு முடிஞ்சா கத்தி வச்சு எடுத்துட்டாங்க, பில்லும் பின்னாலயே வரும். இது ரெண்டு தெரிஞ்சா ஆஸ்பத்திரி வராந்தாவுல நீயே அரை டாக்டர்.

மனசு சமாச்சாரத்துல மட்டும் வேரை நம்பி ரொம்ப ஆடாத. ‘ஃபோபியா’ன்னா பயம், ‘ஹைட்ரோ’ன்னா தண்ணி, சரிதான். அதுக்காக, கிணத்துல எறங்கப் பயப்படுற நீ எனக்கு ஹைட்ரோஃபோபியான்னு ஊருக்குள்ள சொல்லித் திரியாத. அது வெறிநாய்க்கடி நோய்க்கு வச்ச பேரு. ராஜபாளையத்துல நாய் வளக்கிறவங்க காதுல விழுந்தா சண்டைக்கு வருவாங்க. உன்னோடது அக்வாஃபோபியா. நம்ம ஊருல அதைச் சோம்பேறித்தனம்னும் சொல்லுவாங்க.

இங்க நம்ம சிமெண்ட் ஆலை 1970-ல ஓட ஆரம்பிச்சப்போ வேலைக்குப் போனதுல கைநாட்டு ஆளுகளும் உண்டு. கொஞ்ச நாள்லயே கில்ன், கிரஷர், கிளிங்கர், ஜிப்சம்னு டீக்கடையில வெளுத்து வாங்குனாக. எவன் அகராதியைத் தொட்டான்? சுண்ணாம்புக்கல்லு 1450 டிகிரிச் சூட்டுல வெந்து உருண்டை உருண்டையா வெளிய வந்து விழுகிறதப் பார்த்தவனுக்குக் கிளிங்கருங்கிற சொல்லு செத்தாலும் மறக்காது. சத்திரப்பட்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வா. அங்க தறியில பேண்டேஜ் துணி ஓடுது. காஸ், ப்ளீச்சிங், ஸ்டெரைல்னு எல்லாச் சொல்லையும் கையில தொட்டுப் பார்க்கலாம். டீச்செலவு மட்டும் உன்னுது.

கலையும் அப்படித்தான். ‘ஃப்ரெஸ்கோ’ன்னு எழுதி அடிக்கோடு போட்டு வச்சிருக்கியே, என்னான்னு கேட்டா முழிக்கிற. ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சு மேல வரையிறது. தஞ்சாவூர் பெரிய கோயில்ல பின்னாடி வந்த பூச்சுக்கு அடியில சோழர் காலத்து ஓவியம் மறைஞ்சு கிடந்ததை 1931-ல கோவிந்தசாமின்னு ஒரு வாத்தியார் கண்டுபிடிச்சாரு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரர். சுண்ணாம்பு ஊருல பொறந்துட்டு இது தெரியலன்னா எப்படி ராசா?

பத்திரிகை இங்கிலீஷுக்கு எட்டயபுரத்து ஆளைக் கேளு. 1904-ல பாரதி சுதேசமித்திரன்ல சேர்ந்து பார்த்த வேலையே வந்து குவியுற இங்கிலீஷ் சேதியைத் தமிழாக்குறதுதான். அந்தப் பத்திரிகையை 1882-ல தொடங்குன சுப்பிரமணிய ஐயர் யாரு? அதுக்கு நாலு வருசம் முந்தி ‘தி இந்து’வை ஆரம்பிச்ச ஆறு பேருல ஒருத்தர். இங்கிலீஷ் பத்திரிகை நடத்துனவரே தமிழுக்கு வந்தாரு. நீயும் தெனம் ஒரு இங்கிலீஷ் சேதியை எடுத்து உங்க ஆச்சிக்குப் புரியிற மாதிரி தமிழ்ல சொல்லு. எங்க திக்குறியோ அந்தச் சொல்லு உனக்குத் தெரியாத சொல்லு. ஆச்சி பொல்லாதவ, நடுவுல தூங்குனா அன்னைக்கு நீ ஃபெயில்.

சரி, பேனாவை எடு. என் பென்சன் மனுவைப் போன தடவை உன் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேல்ல, அதைப் படிச்ச கிளார்க்கு புரியாம மேல அனுப்பி, அவரு அதுக்கும் மேல அனுப்பி, இன்னும் மேலயே போய்க்கிட்டிருக்கு. இந்தத் தடவை தமிழ்ல ரெண்டே வரி எழுது. கையெழுத்தை நான் இங்கிலீஷ்ல போட்டுக்கிறேன்.