பல்லில்லாத வாளி: கேள்வி-பதில்

கே: அயர்லாந்தில் பாழடைந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் குழாய் பதிக்கக்கூடத் தொல்லியல் ஆய்வாளர் உடன் நிற்க வேண்டுமாமே? குழாய்க்கும் தொல்லியலுக்கும் என்ன சம்பந்தம்?

ப: குழாய்க்கு இல்லை, பள்ளத்துக்கு உண்டு. பல நூற்றாண்டுகளாக ஊரே போய்ப் படுத்திருக்கும் இடமாயிற்றே! 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பதிவேட்டில் உள்ள தொல்லிடத்தில் வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே அமைச்சருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆய்வாளர் உடன் நிற்பது அதையொட்டி வரும் நிபந்தனை.

கே: நின்று என்னதான் செய்வார்?

ப: சம்பளத்தோடு வேடிக்கை பார்ப்பார். தோண்டும் எந்திரத்தின் வாளியில் பல் இருக்கக் கூடாது; மொட்டை வாளியால் மண்ணை மெல்ல மெல்லச் சீவ வேண்டும். தோண்டி மூடிய குழியின் மண் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாது, நிறமே காட்டிக்கொடுத்துவிடும். அவர் கையைத் தூக்கினால் எந்திரம் நிற்கும். பிறகு கரணையும் தூரிகையும்தான். மழையில் நனைந்தபடி நாள் முழுக்க மண்ணையே முறைத்துப் பார்க்கும் உத்தியோகம். நமக்கு முதல் மணி நேரத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

கே: எலும்புக்கூடு கிடைத்தால் கொண்டாட்டமா?

ப: திண்டாட்டம்! முடிந்தவரை அதை அப்படியே விட்டுவிட்டுக் குழாயைத்தான் வளைப்பார்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஆய்வாளர்தான் எடுக்கலாம். ஆனால் உதிரி எலும்புகள் வராமல் இருக்காது. பாட்டன் குழியிலேயே பேரனுக்கும் இடம் பார்த்த ஊர்கள் அவை. புதுக்குழி வெட்டும்போதெல்லாம் பழையவர் கொஞ்சம் கலைந்திருப்பார். பொறுக்கிச் சேர்த்து, பதிவு செய்து, பெரும்பாலும் அதே வளாகத்தில் திரும்பப் புதைப்பார்கள். எலும்பில் பச்சைக் கறை இருந்தால் பேயை நினைக்க வேண்டாம். சவத்துணியில் குத்திய செப்பு ஊசி விட்டுப்போன கையெழுத்து.

கே: கூரை இல்லாத தேவாலயத்துக்குள்ளேயும் கல்லறைகளா?

ப: 16-ம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் தேவாலயங்கள் அரசுத் திருச்சபைக்குப் போயின; பல இடிந்தும் விழுந்தன. கத்தோலிக்கர்களோ முன்னோர் பக்கத்திலேயே படுக்க விரும்பினார்கள். வழிபாடு நின்ற நடுக்கூடத்திலும் அடக்கம் பெருகியது. அதனால்தான் சுவருக்கு உள்ளே தோண்டும்போதும் அதே எச்சரிக்கை.

கே: கில்கென்னி, கில்டேர்... அந்நாட்டு ஊர்ப்பெயரெல்லாம் கொலைகாரத்தனமாக இருக்கிறதே?

ப: ஐரிஷில் ‘கில்’ என்றால் தேவாலயம். கில்டேர், ஓக் மரத் தேவாலயம். உயிருக்கு ஆபத்து இல்லை.

கே: புதையல் கிடைத்தால் எனக்கா?

ப: 1980-ல் டிப்பரரி மாவட்டத்தின் டெரினாஃப்லான் என்ற பழைய மடத்து வளாகத்தில் ஒரு தந்தையும் மகனும் உலோகம் கண்டறியும் கருவியோடு போய், வெள்ளிக் கிண்ணம் உட்பட ஒரு திருப்பலிப் பாத்திரக் குவியலையே எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொருள் அரசுக்கே என்று 1987-ல் தீர்ப்பு. கண்டெடுத்தவர்களுக்கு வெகுமதியாக 50,000 பவுண்டு. உரிமையாளர் தெரியாத தொல்பொருள் அரசுடையது என்று 1994-ல் சட்டமே வந்துவிட்டது. ஆகவே, கடப்பாரையைக் கீழே வையுங்கள்.

கே: ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கு ஏமாற்றம்தானே?

ப: அதற்கும் அறிக்கை உண்டு! அந்நாட்டின் அகழாய்வுச் சுருக்கத் தொகுப்புகளைப் புரட்டினால், ‘குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை’ என்ற பொருளில் முடியும் பதிவுகள் ஏராளம். குழாய்க் காண்டிராக்டருக்கு மிகவும் பிடித்த இலக்கியம் அதுதான்.