ஒரே இரவில் பருத்தவர்கள்

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆரோக்கியம் விடையாக வந்துவிடுமாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைப் போட்ட பெல்ஜியக்காரர் கெத்தலே வானியலாளர், புள்ளியியலாளர்; வைத்தியர் அல்ல. அவர் தேடியது ‘சராசரி மனிதனை’. யாருடைய தொப்பையையும் அல்ல. 1998-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்றிருந்த அதிக எடைக்கான வரம்பை 25-க்கு இறக்கியது. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் ஒரு கவளம்கூடக் கூடுதலாக உண்ணாமலே பருத்துப்போனார்கள். இந்தியருக்கோ வரம்பு 23. அதில் நியாயமுண்டு: அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில். ஆனால் கொழுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதை அந்த வகுத்தல் கேட்பதே இல்லை; பயில்வானின் தசையும் அதற்குக் கொழுப்புதான்.

செலவில்லாத கணக்கு, ஊர் முழுவதையும் அளக்க உதவுமே என்பார்கள். உதவும். தையல்காரரின் டேப்பும் மலிவுதான். இந்திய ஆணின் இடுப்புக்கு வரம்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அளக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதவர் கிடைப்பதுதான் அரிது.