புதுப்பாடலும் கழிவறையும்: நெடுங்கால ராக் கச்சேரிகளின் அமைப்பு குறித்து ஓர் ஆராய்ச்சி

1962 ஜூலை 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் முதன்முதலாக மேடையேறிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு, அறுபது ஆண்டுகள் கடந்தும் மைதானங்களை நிரப்பிவருகிறது. அவர்களுடைய இசையை ஆராய்ந்தவர்கள் உண்டு. உடையையும் உதட்டையும் டிக்கெட் விலையையும் ஆராய்ந்தவர்கள் அதைவிட அதிகம். ஆனால் ஆராய்ச்சி உலகம் ஒரு கேள்வியை மட்டும் நாசூக்காகத் தாண்டிப் போய்விட்டது. பழைய பாட்டைக் கேட்கக் காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு நடுவில் எதற்குப் புதுப்பாட்டு? விடை கழிவறையில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. புதுப்பாடல் என்பது கூட்டம் எழுந்து போய்வருவதற்காக ஒதுக்கப்பட்ட கால அளவு. அதில் இசையும் இருப்பது உபரி. இதை 'என்மனார் புலவர்' என்று முடித்திருந்தால் எந்தப் புலவர் என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தொல்காப்பியர் காலத்திலிருந்து இருந்துவந்த வசதி அது. காலம் கெட்டுப்போனதால் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

கச்சேரியில் இடம்பெறும் பாடல்கள் நான்கு வகைப்படும். தொடக்கப்பாடல், இருக்கையைத் தேடும்போது கேட்பது. பழம்பாடல், பக்கத்தில் இருப்பவர் பாடுவதைக் கேட்பது. இறுதிப்பாடல், கச்சேரி முடியவில்லை என்று தெரிந்தே எல்லோரும் முடிந்ததாக நடித்துக் கைதட்டி வரவழைப்பது. இந்த மூன்றையும் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. நான்காவதான புதுப்பாடல்தான் நமக்குரியது. "இது எங்கள் புது ஆல்பத்திலிருந்து" என்று பாடகர் மைக்கில் அறிவிப்பது அதன் இலக்கணம். அறிவிப்பு முடிவதற்குள் வரிசை வரிசையாக ஆட்கள் எழுவார்கள். இப்படி எழுவது கலைஞருக்குக் காட்டும் மரியாதை என்பாரும் உளர். அது பொருந்தாது, எழுந்தவர்களின் முகம் மேடைக்கு எதிர்த்திசையில் இருப்பதால் என்க.

இனி உடலியல் சான்று. மனிதச் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். பிரிட்டனில் ஒரு பைன்ட் பீர் 568 மில்லிலிட்டர். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும் என்பதால், உள்ளே போன அளவைவிட வெளியே வர வேண்டியது கூடிக்கொண்டே போகும். கச்சேரியோ சுமார் இரண்டு மணி நேரம். நாடகத்துக்கு இருப்பதுபோல இதற்கு இடைவேளை கிடையாது. இத்துடன் வயதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024ஆம் ஆண்டு ஸ்டோன்ஸ் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் வயது 80. அந்தப் பயணத்துக்கு விளம்பர ஆதரவு தந்தது ஏஏஆர்பி, அதாவது 50 வயதைக் கடந்த அமெரிக்கர்களின் நலன் பேசும் அமைப்பு. கிட்டார் கம்பெனியோ ஜீன்ஸ் கம்பெனியோ இருக்க வேண்டிய இடத்தில் முதியோர் அமைப்பு வந்து நிற்பதைப் பார்த்தபிறகும் இந்தக் கோட்பாட்டை ஐயுறுவோர், ஐம்பதைத் தாண்டாதவர்களாகத்தான் இருக்க முடியும்.

அந்தப் பயணம் 'ஹேக்னி டயமண்ட்ஸ்' என்ற 2023ஆம் ஆண்டு ஆல்பத்துக்காக நடந்தது. ஆல்பத்தில் 12 பாடல்கள். மேடையில் ஓர் இரவுக்கு வந்தவை பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. படைப்பு வேட்கைதான் காரணம் என்றால் பன்னிரண்டையும் பாடியிருக்க வேண்டும். வருமானம்தான் காரணம் என்றால் ஒன்றையும் பாடியிருக்கக் கூடாது. மூன்று நான்கு என்பது கலையின் கணக்கும் அல்ல, கல்லாவின் கணக்கும் அல்ல. அது குழாய்களின் கணக்கு. இன்னும் நுட்பமான சான்று அவற்றை வைத்த இடத்தில் உள்ளது. ஆல்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' பல ஊர்களில் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலுக்குச் சற்று முன்பு பாடப்பட்டது. 1965ஆம் ஆண்டின் அந்தப் பாட்டைத் தவறவிட்டால் வந்ததே வீண். ஆக, இது கடைசி வாய்ப்பு. போகிறவர் போய்விட்டு வந்துவிடுங்கள் என்று குழு கருணையோடு மணியடிக்கிறது. ஏன் ஏழு நிமிடம்? பெண்கள் கழிவறை வரிசை ஆண்கள் வரிசையைவிட நீளமானது. அரங்குகளில் பெண்களுக்குக் கூடுதல் கழிவறை வேண்டும் என்று கலிஃபோர்னியா 1987ல் சட்டம் செய்தது. நியூயார்க் நகரம் 2005ல் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தையே வகுத்தது. அதே 2005ல்தான் ஸ்டோன்ஸ் 'எ பிக்கர் பேங்' ஆல்பத்தைப் பதினாறு பாடல்களோடு வெளியிட்டார்கள். இது தற்செயல் என்று சொல்வோர் ஆராய்ச்சி முறையியலை அறியாதவர்கள். ஒரே ஆண்டில் நடந்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே அவற்றுக்குள் உறவு பிறந்துவிடும் என்பது முனைவர் பட்ட ஏடுகள் பலவற்றின் அடித்தளம். இப்பொருள் குறித்து விரிவான நூலொன்று உண்டு. எழுதப்படவில்லை என்பதே அதன் ஒரே குறை. அதன் எழுதப்படாத மூன்றாம் அதிகாரம், வரிசையின் நீளத்துக்கும் கிட்டார் தனிவாசிப்பின் நீளத்துக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கிடமின்றி நிறுவியிருக்கும். அந்த அதிகாரத்துக்கு வேறொருவர் எழுதாமல் விட்ட மறுப்பும், மறுப்பை வன்மையாகக் கண்டித்து நூலாசிரியர் எழுதாத முன்னுரையும், எந்நாளும் வராத இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. துறையில் இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படும் சில நூல்களைவிட இதில் பிழைகள் குறைவு.

இனித் தடைகள். 2005க்கும் 2023க்கும் இடையில் ஸ்டோன்ஸ் சொந்தப் பாடல்கள் கொண்ட புது ஆல்பம் எதுவும் தரவில்லையே. 2016ல் வந்ததும் பழைய புளூஸ் பாடல்களின் தொகுப்பாயிற்றே. அந்தப் பதினெட்டு ஆண்டும் மக்கள் அடக்கிக்கொண்டா இருந்தார்கள் என்று கேட்பார்கள். இருக்கவில்லை. அதற்காகத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் இருக்கிறார். கச்சேரியின் நடுவே ஜாகர் உள்ளே போய்விட, கீத் முன்னால் வந்து இரண்டு மூன்று பாடல்களைத் தம் குரலில் பாடுவது நெடுநாள் வழக்கம். அவருடைய அடியார்கள் இதை உயிராக மதிப்பார்கள். மற்றவர்கள் இதற்காகவே காத்திருப்பார்கள். ஜாகர் அப்போது மேடைக்குப் பின்னால் என்ன செய்கிறார் என்பது ஆய்வு அறம் கருதி இங்கே ஆராயப்படவில்லை. பிற குழுக்களும் இவ்வாறே. லெட் செப்பெலினில் ஜான் பானம் 'மோபி டிக்' பாடலில் தனியாக டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினால் மற்ற மூவரும் இறங்கிப் போய்விடுவார்கள். சில இரவுகளில் அரை மணி நேரம் வரை அது நீண்டதுண்டு. கிரேட்ஃபுல் டெட் இதை நிறுவனமாகவே ஆக்கியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் பாதியில் 'டிரம்ஸ்', அதைத் தொடர்ந்து 'ஸ்பேஸ்' என்று பெயரே இட்டு வழிவிட்டார்கள். ஒப்பியல் அறிஞர் இந்த இடத்தில் தனி ஆவர்த்தனத்தையும் சபா கேன்டீனையும் இழுத்துவந்து ஒரு நிதிநல்கைக்கு விண்ணப்பிப்பார். நாம் இழுக்கப்போவதில்லை.

வலுவான தடை அயர்ன் மெய்டன். 2006ல் அவர்கள் அப்போதுதான் வெளிவந்த ஏறத்தாழ 72 நிமிட ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாறாமல் மேடையில் வாசித்தார்கள். பழையவற்றுக்கு மிஞ்சியது ஐந்து பாடலுக்கான இடம்தான். கோட்பாட்டின்படி இது 72 நிமிடக் கழிவறை வேளை. எந்தச் சிறுநீர்ப்பைக்கும் அவ்வளவு தேவையில்லை என்பதால் கோட்பாடு சரிகிறது என்பர். சரியவில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையில் எப்போது போவது என்று தெரியாமல் போகும். பழைய பாட்டு வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பை இந்தக் கோணத்தில்தான் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டே குழு புதுப்பாடல்களைக் குறைத்தது. 2008ல் எதிர்முனைக்கே போய், பெரும்பாலும் 1980களின் பாடல்களாலேயே ஒரு சுற்றுப்பயணத்தைக் கட்டியது. அந்தக் கச்சேரிகளில் எழுந்து போக ஓர் இடுக்குக்கூட இல்லை. இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்துத் தன் செலவிலேயே இக்கோட்பாட்டை நிறுவித் தந்த குழு வேறில்லை.

கலைஞன் காலத்தோடு வளர விரும்புகிறான், அவன் புதியதைப் படைப்பதைக் கழிவறையோடு முடிச்சுப்போடுவது அவமதிப்பு என்று மனம் நொந்து கேட்போரும் உண்டு. அவர்களுக்கு இரண்டு விடைகள். முதலாவது, புதியதைச் சொல்பவருக்கு முன்னால் கூட்டம் எழுந்து போவது ராக் இசைக்கு மட்டும் நேர்வதல்ல. கருத்தரங்கில் புதிய கண்டுபிடிப்பு வாசிக்கப்படும் அமர்வுதான் தேநீர் வரிசை நீளமாக இருக்கும் அமர்வு என்பது அந்தத் துறையார் எல்லோரும் அறிந்தது, அங்கே யாரும் நொந்துகொள்வதில்லை. இரண்டாவது, ஆப்பா. அது ராக் அல்ல, பாப் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடலாம். 2022 மே முதல் லண்டனில், இதற்கென்றே கட்டிய சுமார் 3,000 பேர் கொள்ளும் அரங்கில், அவர்களின் இளமைக்கால உருவங்கள் கணினி வழியாக ஆடிப் பாடிவருகின்றன. அந்த உருவங்களுக்கு மூப்பில்லை, மூச்சு வாங்காது, படைப்பு வேட்கையும் கிடையாது. எந்தப் பாட்டை வேண்டுமானாலும் பாடவைக்கலாம். உலகமே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பழம்பாடல்களும் கைவசம் ஏராளம். ஆயினும் நிகழ்ச்சியில் 2021ஆம் ஆண்டின் ஆல்பத்திலிருந்து இரண்டு பாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள். மேடையில் நிற்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை இல்லை. எதிரே இருக்கும் மூவாயிரம் பேருக்கும் இருக்கிறது.