வீம்புக்கு மாத்திரை இல்லை

ஆஸ்பத்திரி அங்கிக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்பக்கத்தை இரண்டு நாடாவும் கடவுளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். மியூனிக்கில் ஓர் இதயநோய்ப் பிரிவில் என் காலைப்பொழுது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நோயாளியை வராந்தாவுக்குக் கூட்டிப்போகும் முன் இன்னோர் அங்கியை எடுத்துப் பின்பக்கமாகப் போர்த்தி, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவேன். அப்போது அவர் முகத்தில் தெரியும் நன்றி, முந்தாநாள் ராத்திரி அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த டாக்டருக்குக்கூடக் கிடைத்திருக்காது. ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது, யார் கண்ணிலும் படாது. இது அப்படியா?

என் வேலைக்குப் பெயர் சிகிச்சை உதவியாளர். மதுரையில் பிசியோதெரபி படித்தவன். அந்தப் படிப்பை இங்கே ஏற்றுக்கொண்டதாகக் காகிதம் வரும்வரை, பிசியோதெரபிஸ்ட் சொல்வதைச் செய்பவன். டிரிப் ஸ்டாண்டை உருட்டுவது, தொடை வரை ஏறும் இறுக்கமான வெள்ளைக் காலுறையை மாட்டிவிடுவது (மாட்டி முடிப்பதற்குள் எனக்கு இதயத்துடிப்பு ஏறிவிடும்), நெஞ்செலும்பை அறுத்துத் தைத்தவர் இருமும்போது தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, நடக்கவைப்பது. ஊரில் யாராவது கேட்டால் அம்மா, “ஹார்ட் டாக்டருங்க கூடத்தான் இருக்கான்” என்கிறாள். பொய்யில்லை. பல நேரம் ஒரே லிஃப்டில்தான் போகிறோம்.

பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்லும் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பயந்தவர்களால் ஒரு தொந்தரவும் கிடையாது. சொன்ன பேச்சைக் கேட்பார்கள். வீம்புக்காரர்களோடுதான் பாடு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருக்கிறது, கொழுப்புக்கு இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க இருக்கிறது. வீம்புக்கு இன்னும் எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை.

வீம்பு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டித் தெற்கிலிருந்து இறங்கும் வறண்ட, வெதுவெதுப்பான காற்றுக்கு இங்கே ஃப்யோன் என்று பெயர். அது அடிக்கிற நாளில் வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்து, மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கூடவே தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, மாமியார் சண்டை எல்லாம் அந்தக் காற்றின் கணக்கில் எழுதப்படும். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி வலிக்க, சட்டை வேர்வையில் நனைந்திருக்க, “ஃப்யோன் அடிக்குது, அதான்” என்று ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காலையில் வந்தவர்கள் உண்டு. எனக்கு இது புதிதில்லை. நம்மூரில் அந்தக் காற்று வயிற்றுக்குள் அடிக்கும். “ஒண்ணுமில்ல, கேஸு” என்று சோடா உடைத்துக் குடித்து, ஓமத்தண்ணி குடித்து, முதுகில் நாலு தட்டுத் தட்டச் சொல்லி, நேரத்தையெல்லாம் கரைத்துவிட்டுத்தான் ஆம்புலன்சைக் கூப்பிடுவோம். இரண்டு ஊரிலும் குற்றவாளி காற்றுதான். ரத்தக்குழாய் மட்டும் நிரபராதி.

வார்டுக்குள் வந்ததும் நோயாளியின் கழுத்தில் ஒரு துணிப்பை மாட்டி, அதில் டெலிமெட்ரிப் பெட்டியைப் போட்டுவிடுவார்கள். அவர் எங்கே நடந்தாலும் இதயத்துடிப்பு நர்ஸ் அறைத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் காலை திரையில் உயிரைப் பறிக்கும் வேகத்தில் அலைகள். அலாரம் அலறுகிறது. நர்ஸ் ஓட, டாக்டர் ஓட, அவர்கள் ஓடுகிறார்களே என்று நானும் ஓட, அறைக்குள் மனிதர் வாய் நிறைய நுரையோடு கண்ணாடி முன் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். கை அந்த வேகத்தில் ஆடினால் நெஞ்சில் ஒட்டிய பட்டைகளும் ஆடும். கருவிக்கு அது ஆபத்தான துடிப்பாகத் தெரியும். இதய வார்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த கூத்து இது. விஷயத்தைச் சொன்னதும் அவர் வெட்கப்படுவார் என்று பார்த்தால், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, “உங்களுக்கு இப்படி மூன்று பேர் ஓடி வந்தார்களா?” என்றார்.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் கார் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நான் போர்க் அளவுகோலைக் காட்டியதிலிருந்து என் நிம்மதி போயிற்று. நடக்கும்போது எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண் சொல்ல வேண்டும். சுவீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய முறை. அட்டையில் 6 முதல் 20 வரை இருக்கும். 6 என்றால் சிரமமே இல்லை. 13 என்றால் கொஞ்சம் கஷ்டம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

“ஏன் ஆறில் தொடங்குகிறது?”

“பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும். சும்மா இருக்கும்போது அறுபது, அதனால் ஆறு.”

“நான் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறேன். அது துடிப்பைக் குறைத்துவிடும். அப்படியானால் உங்கள் சூத்திரம் எனக்குத் தப்பு.”

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எங்களுக்குத் துடிப்பைவிட அவர் வாயால் சொல்லும் எண் முக்கியம் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்து, 6.5 என்றார். அரை எண் கிடையாது என்றேன். இவ்வளவு கரடுமுரடான கருவியை வைத்துக்கொண்டா மனிதர்களைச் சோதிக்கிறீர்கள் என்று வருத்தப்பட்டார். பவேரியாவின் கிராமத்துப் பக்கத்திலிருந்து வருபவர்களிடம் இந்தப் பிரச்சினை இல்லை. மூச்சு வாங்கும், காது சிவந்திருக்கும், சுவர்க்கம்பியைப் பிடித்த கை வெளுத்திருக்கும். “எண் சொல்லுங்கள்” என்றால் “பாஸ்ட் ஷோ” என்பார்கள். எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று அர்த்தம். அட்டையில் அதற்கு நேராக எந்த எண்ணும் அச்சிடவில்லை. நான் 15 என்று மனசுக்குள் எழுதிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

வீம்பைத் திட்டினாலும் என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. அறுவை முடிந்தவர்களுக்கு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி கொடுப்போம். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்பும். எல்லோரும் முதலில் ஊதுவார்கள். ஊதினால் பந்து அசையாது. முகம் சிவக்கச் சிவக்க ஊதிவிட்டு, கருவி ரிப்பேர் என்பார்கள். இழுக்கச் சொல்லிக்கொடுத்தாலும் வலிக்குப் பயந்து ஒரு பந்தோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது, “எதிர்க்கட்டில்காரர் இரண்டு ஏற்றிவிட்டார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். திரும்பிப் போகும்போது மூன்றும் மேலே நிற்கும்.

பந்து என்றால் இந்த ஊர் இதயங்கள் எப்படித் துள்ளும் என்பதற்கு அச்சிலேயே சாட்சி இருக்கிறது. 2006-இல் ஜெர்மனியில் உலகக்கோப்பைக் கால்பந்து நடந்தபோது மியூனிக் வட்டாரத்தில் ஏற்பட்ட இதய அவசரங்களை இங்குள்ள டாக்டர்கள் எண்ணினார்கள். ஜெர்மன் அணி ஆடிய நாள்களில் அவை வழக்கத்தைவிட 2.66 மடங்கு, ஆண்களை மட்டும் எடுத்தால் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள்தான் கூட்டம் அதிகம். 2008-இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் இது வந்தது. பெண்களுக்கு 1.82 மடங்கு; அது கணவர் டிவியை உதைத்ததைப் பார்த்து வந்ததா, ஆட்டத்தைப் பார்த்து வந்ததா என்று பிரித்து எண்ணவில்லை. 2015-இல் இன்னொரு டாக்டர் குழு நேரே அக்டோபர்ஃபெஸ்ட் பீர்க் கூடாரத்துக்குள்ளேயே ஈசிஜி கருவியோடு போய்விட்டது. 3,028 பேர் கையை நீட்டினார்கள். 30.5 சதவீதம் பேருக்குத் துடிப்பில் ஏதோ ஒரு கோளாறு; பெரும்பாலும் வெறும் படபடப்பு. லிட்டர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, ஆராய்ச்சிக்காகக் கொஞ்ச நேரம் ஆடாமல் உட்கார்ந்த அந்த மூவாயிரம் பேருக்கு யாராவது பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

ஒருகாலத்தில் என் வேலைக்கே இடம் இருந்திருக்காது. மாரடைப்பு வந்தால் நாலு வாரம், ஆறு வாரம் என்று படுக்கையிலேயே போட்டுவைத்தார்கள். 1952-இல் பாஸ்டனில் லெவின், லோன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளைச் சும்மா நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்கே மற்ற டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். உட்கார்ந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். அப்புறம்தான் நடை, மாடிப்படி எல்லாம் வந்தன.

மதுரையில் என் அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தபோது 1952-ஆம் வருஷம் எங்கள் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வந்திருந்தன. பெரியப்பா, சித்தி, மாடிவீட்டு அக்கா என்று ஆளுக்கொரு பக்கம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவர் கையைத் தூக்கினால்கூட “அசையாதீங்க” என்றார்கள். அப்பாவும் மகாராஜா மாதிரி படுத்துக்கொண்டு, ரிமோட்டை எடுத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். போனில் அம்மாவிடம் சொன்னேன்:

“அம்மா, டாக்டரே நடக்கச் சொல்லித்தானே அனுப்பினாரு?”

“அவரு சொல்லிட்டுப் போயிருவாருய்யா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“சரி, போனை ஸ்பீக்கர்ல போடு. தபாலாபீஸ் மாமாவுக்குப் பைபாஸ் ஆச்சே, அவரு இப்ப தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்குறாராமே?”

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. “அவனா? அவன் பாதி சுத்துதான் நடப்பான். எங்கடி என் செருப்பு?”

ஜெர்மன் நோயாளிகளிடம் நடப்பது இதற்கு நேர் எதிர். படுக்க வைப்பதுதான் கஷ்டம். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மாடி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அதைச் சொன்னால், “நான் ட்சுக்ஷ்பிட்சே ஏறியவன்” என்பார்கள். 2,962 மீட்டர், ஜெர்மனியிலேயே உயரமான சிகரம். ஏறியது எந்த வருஷம் என்று கேட்கக் கூடாது. நெஞ்செலும்பு கூடும்வரை கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுக்கக் கூடாது, பேசிக்கொண்டே ஏற முடியாத வேகம் கூடாது என்று நான் விதிகளைச் சொல்வதற்குள் நாலாவது படியில் நிற்பார்கள்.

இந்த ரகத்துக்கெல்லாம் குலதெய்வம் ஒருவர் இருக்கிறார். வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929-இல் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் இளம் டாக்டர். கை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி இதயத்தைத் தொடலாம் என்றார். மேலதிகாரி கூடாது என்றார். கருவிகள் நர்ஸின் பொறுப்பில் இருந்தன. அவரோ என்மேல் செய்யுங்கள் என்று முன்வர, சரி என்று அவரை மேஜையோடு கட்டிப்போட்டுவிட்டு, இவர் தன் கையிலேயே 65 சென்டிமீட்டர் குழாயைச் செலுத்திக்கொண்டார். பிறகு குழாய் தொங்கத் தொங்கப் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழாய் இதயத்துக்குள் இருப்பதைப் படம் எடுத்தார். 1956-இல் நோபல் பரிசு வந்தபோது அவர் இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரகப் பாதை வைத்தியராக இருந்தார். மாடிப்படியில் அடம்பிடிப்பவர்களிடம் இந்தக் கதையை மட்டும் நான் சொல்வதே இல்லை. முன்னுதாரணம் ஆகிவிடும்.

இன்ஜினீயர் மாடிப்படியில் ஒழுங்காகவே ஏறினார். பாதியில் நின்று 11 என்றார், முழு எண். வீட்டுக்குப் போகிற நாளில் இதயநோயாளிகளின் உடற்பயிற்சிக் குழுவில் சேரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். காப்பீட்டில் 24 மாதத்துக்குள் 90 வகுப்பு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் பேனாவை வாங்கிச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.

“இரண்டு வருஷத்தில் 104 வாரம். வகுப்பு 90. பதினாலு வாரம் மிச்சம் இருக்கிறதே?”

“அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு விட்டிருப்பார்கள்” என்றேன்.

மறுபடி எழுதினார். “அது வருஷத்துக்கு இரண்டு வாரம், மொத்தம் நாலு. மீதிப் பத்து வாரத்துக்கு யார் பொறுப்பு?”