எதிர்க்காற்றுக் கணக்கர்

"எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க?" என்று மட்டும் இவரைக் கேட்டுவிடாதீர்கள். "7 மணி 50 நிமிஷம்" என்று ஒரு வரியில் முடிய வேண்டிய பதில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஏற வேண்டிய அறந்தாங்கி பஸ் போய், அடுத்ததும் போன பிறகுதான் முடியும்.

கோவாவில் 2019 முதல் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லானுக்குப் போய்வந்தவர் இவர். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் கூட்டி மைலில் சொன்னால் 70.3. எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கழுத்தில் மெடல். மெடலை மாட்டிக்கொண்டு மனுஷன் நிம்மதியாக ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால், பஹ்ரைனில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை முறைக்காரர் ஒருவர் அங்கே நடந்த 70.3-ஐ 6 மணி 55 நிமிடத்தில் முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டார். கணக்கு அன்றைக்கு ஆரம்பித்தது.

"மாப்ளே, பஹ்ரைன் ரோடு தோசைக்கல் மாதிரி சமம். கோவாவுல ஏத்தம். ஏத்தத்துக்கு 25 நிமிஷம் கழி. கடல் அலைக்கு 8 நிமிஷம். புழுக்கத்துக்கு 20. சைக்கிள் நிறுத்துற இடத்துல சாக்ஸ் தேடுனது 6. அப்ப நான் என்ன நேரம்? 6 மணி 51."

"பாலைவனக் காத்து எப்படி அடிக்கும் தெரியுமா மாமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"போறப்ப எதிர்த்தா, வர்றப்ப தள்ளும்ல? சரியாப் போச்சு."

இதே காற்று தன் பக்கம் அடித்தால் இவருக்குப் பௌதிகம் வேறு. ஆடி மாதம் கந்தர்வகோட்டை வழியாகத் தஞ்சாவூர்ச் சாலையில் சைக்கிள் பழகுவார். தென்மேற்குக் காற்று முதுகைப் பிடித்துத் தள்ள, போகும்போது பறப்பார். அந்த நேரம் 'திறமை' என்று நோட்டில் ஏறும். திரும்பும்போது மூச்சு வாங்கும். அது 'எதிர்க்காற்று' என்று ஏறும். "போறப்ப கிடைச்ச லாபம் வர்றப்ப நஷ்டத்துக்கு ஈடாகாது. எதிர்க்காத்துல மெதுவாப் போறோம்ல, அதனால அதுல மாட்டிக்கிட்டிருக்கிற நேரமும் அதிகம்" என்பார். விஷயம் உண்மைதான். என்ன, அது பஹ்ரைனுக்கும் பொருந்தும்.

நீச்சல் பழக்கம் மணமேல்குடிப் பக்கம். அங்கே கடல் சாது. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். "ஆழக் கடல்ல எவனும் நீந்திருவான். இங்கே கை தரையில தட்டும், அதுக்கே தனியா நிமிஷம் கழிக்கணும்" என்று அதையும் விடமாட்டார்.

இவரை வாதத்தில் மடக்க முடியாது, ஏனென்றால் உலகம் இவர் கட்சி. 2021-இல் மெக்ஸிகோவின் கோசுமெலில் நார்வேக்காரர் கிறிஸ்டியன் புளூமன்ஃபெல்ட் முழு அயர்ன்மேனை 7:21:12-இல் முடித்தார். அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சலுக்கு 39 நிமிடம் 41 விநாடிதான். கடல் நீரோட்டமே ஆளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அனலும் காற்றும் வதைக்கும் ஹவாயின் கோனாவில் 2024-இல் பாட்ரிக் லாங்கே 7:35:53 எடுத்தார். அந்தத் தடத்தின் சாதனையே அதுதான். இருவரில் யார் பெரியவர்? பாஸ்டன் மாரத்தானில் 2011-இல் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-இல் ஓடியும், தடம் அளவுக்கு மீறி இறக்கமாக இருக்கிறது, நேர்கோட்டில் போகிறது என்று உலக சாதனையாக ஏற்கவில்லை. இத்தனையும் இவருக்கு மனப்பாடம். "பார்த்தீங்களா, பெரிய ஆளுகளுக்கே கழிக்கிறாங்க" என்பார். அங்கே கழிப்பது சாதனையை. இவர் கழிப்பது நிமிடத்தை. இவரது திருத்தம் ஒரு தடவைகூட இவருக்கு எதிராகப் போனதில்லை.

ஒருநாள் டீக்கடையில் இவர் சிக்கியது, மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஊறிய ஒரு பெரியவரிடம். நம் மாவட்டத்துச் சாலைப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவு உண்டு. போய்வர இத்தனை மைல் என்று எல்கை உண்டு. கடிகாரத்துக்கு வேலை கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம்தான் 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டிவிட்டு விநாடியைப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர், "அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. எத்தனாவது வந்தே?" என்றார்.

"அது... யார் யார் வந்தாங்கங்கிறதையும் பார்க்கணும்ல பெரியப்பா."

"அதே ரோடு, அதே வெயிலு, அதே காத்து. எல்லாருக்கும் பொதுதானே? போன மாசம் நம்ம மாடு மூணாவது. மாட்டுக்குப் பேச்சு வராது. அதனால மூணாவதுன்னா மூணாவதுதான்."

டீக்கடையே சிரித்தது. நம்மவர் அசரவில்லை. "எல்கையில திரும்புறப்ப உங்க வண்டிக்கு வெளிப்பக்கமா இடம் கிடைச்சிச்சு?"

"ஆமா."

"முதல் வண்டிக்கு உள்பக்கம். அங்கேயே இருபது அடி போச்சு. ரோட்டுல மணல் கிடந்துச்சா?"

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "கிடந்துச்சு தம்பி. பூட்டாங்கயிறு வேற தளர்ந்துபோச்சு."

"எல்லாத்தையும் கழிச்சா உங்க மாடு எத்தனாவது?"

பெரியவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார். "இன்னொரு டீ போடுப்பா தம்பிக்கு. அந்தக் கணக்கை முதல்லேர்ந்து சொல்லு. நோட்டுல எழுதிக் கொடுத்துரு."